பிரிக்காத கட்டு

அன்பு மகளுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. ஆண்டவருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இந்த ‘நம்புகிறேன்’ என்பதை ஏதோ எல்லாரும் எழுதுகிறார்களே என்று எழுதிவிட்டுப் போகவில்லை. எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்து, இதை எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்துவிட்டு, இருக்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன். ஏன் அப்படி என்பது கடிதம் முடிவதற்குள் உனக்கே புரியும். கையில் போன் இருக்கும்போது இந்த அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் பேசினால் என் வாய் சும்மா இருக்காது, சாப்பிட்டாயா என்பதில் ஆரம்பித்து எங்கே போனாய், யாரோடு போனாய் என்பதில் கொண்டுபோய் நிறுத்திவிடும். காகிதத்தில் கேள்வி கேட்டால் பதில் வரப் பத்து நாளாவது ஆகும், அந்தப் பத்து நாளை நினைத்தாவது கேள்வியைக் குறைப்பேன். அதோடு நீயும் ஆறு வாரமாக என் போனை எடுக்கவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை கண்ணு, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் சங்கதி. அப்பாவுக்குப் புதுப் பல் செட் வந்துவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, பத்து வயது குறைந்தாற்போல என்று எதிர் வீட்டுத் தையல்கார அம்மா சொன்னதில் இருந்து கண்ணாடி முன்னால் நிற்பது கூடியிருக்கிறது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பாடினால் விசில் சத்தம் வருகிறது. ஆலயத்தில் பாடகர் குழுவில் நிற்கும்போது மெதுவாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். போன வாரம் பாட்டு வாத்தியார் அதைக் கவனித்துவிட்டு என்ன இது என்று கேட்டதற்கு, “பல்லு பாட வரலைங்க, நான்தான் வந்திருக்கேன்” என்றாராம். ஓய்வு பெற்ற பஸ் டிரைவருக்கு வாய்க்கொழுப்பு மட்டும் ஓய்வு பெறவில்லை. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. மூன்று தடவை அப்பாவே சரிசெய்தார், முதல் தடவை சரிசெய்வதற்கு முன்னால் கொஞ்சமாக ஒழுகிக்கொண்டிருந்தது. உன் அறையை வாரம் ஒரு தடவை தூசி தட்டி ஜன்னலைத் திறந்து வைக்கிறேன், உன் மேஜை இழுப்பறையைத் திறக்கவில்லை. போன வருஷம் திறந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், மனசில் இருக்கிற பாரத்தில் ஒரு சின்னக் கல்லாவது இறங்கட்டும். பழைய பஸ் டிக்கெட்டும் உடைந்த ஹேர்பின்னும்தான் இருந்தது, அதைப் பார்த்து எனக்கு என்ன கிடைத்தது என்று இன்று வரை தெரியவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். உன்னோடு தங்கியிருக்கிற அந்தப் பெண்ணுக்கு நான் அனுப்பிய செய்திகளை எல்லாம் அவள் போனில் பார்த்துவிட்டாய். எத்தனை மணிக்கு வந்தாள், சரியாகச் சாப்பிட்டாளா, யார் கொண்டுவந்து விட்டார்கள், ஆலயத்துக்குப் போனாளா என்று எட்டு மாதத்துச் செய்தி. நீ சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், அங்கேயே தீர்ந்திருக்கும். “ஆண்டவர் கையில என்னை ஒப்படைச்சிட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்றியேம்மா, அப்புறம் எதுக்கு என் பின்னாடி ஆள் வச்சிருக்க?” என்று கேட்டாய். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா, தூரத்தில் இருக்கிற பெண்ணை நினைத்து நான் படுகிற பாடு உனக்கு எங்கே தெரியும் என்று என்னென்னவோ கொட்டினேன், நீ போனை வைத்துவிட்டாய். அப்பாவிடம் வந்து முறையிட்டேன். என் பக்கம் பேசுவார் என்று பார்த்தால், “அவ கேட்டது ஒரு கேள்வி. நீ இன்னும் பதில் சொல்லலையே” என்று சொல்லிவிட்டுக் குழாயை முடுக்கப் போய்விட்டார். அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு வேலை செய்கிற இடத்தில் கிடைத்தது. நான் மருத்துவமனையில் வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும், அங்கே நான் என்ன செய்கிறேன் என்று நீயும் கேட்டதில்லை, நானும் உட்கார்ந்து சொன்னதில்லை. ஆபரேஷன் முடிந்ததும் கத்தரி, இடுக்கி, கத்தி எல்லாம் எங்கள் அறைக்கு வரும். கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பார்த்துத் தட்டில் அடுக்க வேண்டும். கத்தரியையும் இடுக்கியையும் வாய் திறந்தபடி வைக்க வேண்டும், மூடி வைத்தால் அந்தச் சந்துக்குள் கிருமியைக் கொல்கிற நீராவி நுழையாது. ஒருத்தி அடுக்கும்போது இன்னொருத்தி பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு சுற்றுத் துணியில் கட்டி, டேப் ஒட்டி, ‘கட்டியவர்’ என்ற இடத்தில் ஒருத்தியும் ‘பார்த்தவர்’ என்ற இடத்தில் இன்னொருத்தியும் கையெழுத்துப் போட்டு ஆவி மெஷினுக்குள் வைப்போம். வெளியே வரும்போது வெளிறிக் கிடந்த டேப்பில் கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும், ஆவி பட்டதற்கு அதுதான் அடையாளம். கோடு விழுந்த கட்டை அதற்குப் பிறகு யாரும் பிரிக்கக்கூடாது, தியேட்டரில் டாக்டருடைய மேஜைக்குப் பக்கத்தில்தான் பிரிக்க வேண்டும். உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே என்றால், பிரித்த அந்த நொடியே அது கெட்டுவிடும். உள்ளே எல்லாம் சரியாக இருந்தாலும் கெட்டதுதான். முதல் நாள் வேலைக்கு வருகிறவளுக்கு முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுப்போம், முப்பது வருஷத்தில் எத்தனை பேருக்கோ நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் அறையில் ஒருத்தி இருக்கிறாள், அவளை எல்லாரும் புதுசு என்றுதான் கூப்பிடுவோம். வந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது, அவளுக்குப் பிறகு வேறு ஆள் எடுக்காததால் இன்னும் புதுசாகவே இருக்கிறாள். கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு, எதையும் நிதானமாகத்தான் செய்வாள், தீப்பிடித்தால்கூட செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவாள் என்று நாங்கள் கேலி செய்வோம். வந்த மூன்றாவது வாரம் ஒரு இடுக்கியை வாய் மூடியபடி வைத்துக் கட்டிவிட்டாள். தியேட்டர் நர்ஸ் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தக் கட்டில் ‘பார்த்தவர்’ என்ற இடத்தில் இருந்தது என் கையெழுத்து. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியவள், நாற்காலியில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே கையை நீட்டிக் கையெழுத்துப் போட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்ட கேள்வியில் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் மேல் எனக்கு வந்திருக்க வேண்டிய கோபம் அது, அதைத் தூக்கி அந்தப் பெண் மேல் வைத்துவிட்டேன். அன்றிலிருந்து அவள் கட்டியதை எல்லாம், அவள் டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்துப் பிரித்துப் பார்த்து, திரும்பக் கட்டி, அப்புறம் கையெழுத்துப் போட்டேன். மெஷினுக்குள் போவதற்கு முன்னால்தான், ஆகவே கட்டுக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. காதும் காதும் வைத்தாற்போல இரண்டு வருஷம் செய்தேன். ஒரு தப்புகூடக் கிடைக்கவில்லை. தப்பு கிடைக்காததே எனக்குச் சந்தேகமாக இருந்தது, பார் என் புத்தியை.

மூன்று வாரத்துக்கு முந்தின புதன்கிழமை. காலையில் அனுமதி வாங்கிக்கொண்டு பெண்கள் ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். உன் மனசு கல்லாகிவிட்டது, அதை ஆண்டவர் இளக வைக்க வேண்டும் என்று கண்ணீரோடு சொல்லி எல்லாரையும் ஜெபிக்க வைத்தேன். உன் மனசு, என் மனசு இல்லை. முடித்துவிட்டு மத்தியானம் வேலைக்கு வந்தால் மேஜை மேல் ஒரு பெரிய கட்டு இருந்தது, பிரசவ ஆபரேஷனுக்கு உரியது. புதுசு கட்டியது, வேறொருத்தி பக்கத்தில் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டது. நான் இல்லாத நேரத்தில் கட்டி மெஷினுக்குள்ளும் போய் வந்திருக்கிறது, அதை நான் கவனிக்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. கை தானாகப் போய் டேப்பை உரித்தது, துணியை விரித்தது. கத்தரியும் இடுக்கியும் எல்லாம் வாய் திறந்தபடி, வரிசை பிசகாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அடுக்கியிருந்தன. சரியாகத்தான் இருக்கிறது என்று நிம்மதியாக மூச்சு விட்டு, டேப்பைப் பார்த்தேன். அதில் கறுப்புக் கோடு. முப்பது வருஷ சர்வீஸ் உள்ளவள், முதல் நாள் வந்தவள்கூடச் செய்யாத காரியத்தைச் செய்துவிட்டு நிற்கிறேன், அந்த நேரம் பார்த்துத் தியேட்டரில் இருந்து போன் வருகிறது, ஒரு பெண்ணுக்குப் பிரசவம் கஷ்டமாகிவிட்டது, கட்டை உடனே அனுப்புங்கள் என்று. எங்களிடம் அந்த மாதிரிக் கட்டு மூன்றுதான், ஒன்று அப்போதுதான் உபயோகித்து அழுக்காக வந்திருக்கிறது, ஒன்று மெஷினுக்குள் இருக்கிறது, மூன்றாவது என் கையில்.

இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த டேப்பைத் திரும்ப ஒட்டினால் ஒட்டும். கோடு விழுந்த டேப், யாருக்கும் தெரியாது, அறையில் அப்போது யாரும் இல்லை. அரை நிமிஷம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த அரை நிமிஷத்தில் எனக்கு ஆண்டவர் ஞாபகம் வந்தது என்று சொன்னால் அழகாக இருக்கும், வரவில்லை. உன் ஞாபகம்தான் வந்தது. மேஜை மேல் படுத்திருப்பவளும் யாருக்கோ தூரத்தில் இருக்கிற மகள்தானே, அவள் அம்மாவும் எங்கேயோ உட்கார்ந்து, நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று எங்களை நம்பிக்கொண்டிருப்பாள் அல்லவா. கட்டோடு ஓடிப்போய் இன்சார்ஜ் சிஸ்டரிடம் நான் பிரித்துவிட்டேன் என்று சொன்னேன். ஏன் பிரித்தீர்கள் என்றாள். அப்போது உள்ளே வந்த புதுசு கட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினாள். அடுத்த கட்டிடத்துச் சின்னத் தியேட்டரில் ஒரு கட்டு இருக்கும் என்று அவளுக்குத்தான் தோன்றியது. அவள் வேகமாக நடந்துகூட நான் பார்த்ததில்லை, அன்று வராந்தாவில் அவள் ஓடின ஓட்டத்தில் ஆஸ்பத்திரியே ஒதுங்கி நின்றதாம். பதினைந்து நிமிஷம் தாமதம். அந்தப் பதினைந்து நிமிஷமும் நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் கால் மணி நேரம் நிறுத்தாமல் ஜெபிக்கிறவளுக்கு ‘ஆண்டவரே, அந்தப் பிள்ளை’ என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கடைசியில் சிஸ்டர் வந்து தாயும் பிள்ளையும் நலம், பெண் குழந்தை என்று சொன்னாள். பிறகு அழுதேன், அதை விட்டுவிடு.

சாயங்காலம் எல்லாரும் கிளம்பின பிறகு புதுசு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவளே சொன்னாள், “அக்கா, நீங்க என் கட்டைப் பிரிக்கிறது எனக்கு மொதல்லேர்ந்தே தெரியும். நான் மூலையை இடது பக்கம் மடிப்பேன், திரும்பி வந்து பார்த்தா வலது பக்கம் மடிச்சிருக்கும்.” இரண்டு வருஷம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒரு நாள் முகம் சுளிக்கவில்லை, எனக்குக் காய்ச்சல் வந்தபோது என் முறையையும் சேர்த்து அவள்தான் செய்தாள், எனக்கு முதுகு வலி என்று கீழ்த் தட்டில் இருக்கிற கனமான சாமான்களை என்னைக் கேட்காமலே மேலே எடுத்து வைப்பாள். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா உங்களைத் திட்டுவாங்க. நீங்களே ஒருநாள் பிரிக்காம விடுவீங்கன்னு நெனச்சேன், தினமும் டீ குடிச்சிட்டு வந்து மூலையைத்தான் பார்ப்பேன்” என்றாள். தினமும் மூலையைப் பார்ப்பாளாம். அவள் ஆலயத்துக்கும் போகிறவள் இல்லை, எந்த இடத்துக்கும் போகிறவள் இல்லை. ஜெபம் பண்ணுகிற நான் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், ஜெபமே பண்ணாத அவள் பொறுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். விசுவாசம் என்று நான் வாரத்துக்கு ஒரு தடவை வாயால் சொல்வதை அந்தப் பெண் எனக்குத் தினமும் செய்திருக்கிறாள்.

எனக்குக் கிடைத்த தண்டனை, ஒரு மாதத்துக்கு ‘பார்த்தவர்’ கையெழுத்துப் போடக்கூடாது. நான் கட்ட வேண்டும், புதுசு பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இப்போது அறையில் எல்லாரும் என்னைத்தான் புதுசு என்று கூப்பிடுகிறார்கள், அவளுக்குப் பழசு என்று பேர் வைத்தாகிவிட்டது. முதல் நாள் அவள் என் பக்கத்தில் வந்து நின்றபோது எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று கவனித்தேன். அவள் பார்க்கிற விதமே வேறு. என் கையோடு சேர்ந்து அவள் கண்ணும் வருகிறது, ஒரு கத்தரி சரியாகத் திறக்கவில்லை என்றால் அக்கா இது கொஞ்சம் என்று மெதுவாகச் சொல்கிறாள், நான் சரிசெய்கிறேன், இரண்டு பேரும் சேர்ந்து துணியை மடிக்கிறோம். மடித்த பிறகு அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நின்று பார்ப்பதும் முதுகுக்குப் பின்னால் பிரித்துப் பார்ப்பதும் ஒன்றில்லை என்று இந்த வயதில்தான் எனக்குத் தெரிகிறது. இத்தனை நாளும் இரண்டுக்கும் பாசம் என்றே பேர் வைத்திருந்தேன். பின்னது பாசமில்லை, பயம். அந்தப் பயத்துக்கு ஜெபத்தைப் போர்த்தி வைத்திருந்தேன். உன்னைக் காலையில் ஆண்டவரிடம் கொடுத்துவிட்டு, மத்தியானம் உன்னோடு தங்கியிருக்கிற பெண்ணுக்குச் செய்தி அனுப்பி அவர் சரியாகப் பார்த்துக்கொள்கிறாரா என்று விசாரித்திருக்கிறேன். நான் உளவு பார்த்தது உன்னை மட்டும் இல்லை, அவரையும்தான். உன் கேள்விக்கு இதுதான் என் பதில். ஆறு வாரம் தாமதமாக வந்திருக்கிறது, ஏற்றுக்கொள். நான் செய்தது தப்பு, என்னை மன்னித்துவிடு.

போன புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று, மகளுக்காக ஜெபிக்கச் சொன்னேனே, அதைக் கொஞ்சம் மாற்றி எனக்காக ஜெபியுங்கள் என்று நடந்ததை எல்லாம் சொன்னேன். தொலைந்தேன், இனி யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தால், வாசலில் மூன்று பேர் என்னை மறித்துக்கொண்டார்கள். எதிர் வீட்டுத் தையல்கார அம்மா, பெரிய மகனுடைய சட்டைப் பையைத் தினமும் துழாவுகிறாளாம், பட்டன் தைக்கிற சாக்கில். மற்ற இரண்டு பேர் சொன்னதை நான் எழுத மாட்டேன், அது அவர்கள் கட்டு. போதகர் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் இதைச் சாட்சியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது ஐயா, அதில் பாதி என் மகளுடைய கதை, அவளைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். அவருக்கு ஆச்சரியம், எனக்கும் ஆச்சரியம்.

உன்னோடு தங்கியிருக்கிற பெண்ணோடு நீ பேசுவதில்லை என்று அப்பா சொன்னார், நீ அவருக்கு அனுப்புகிற இரண்டு வரிச் செய்தியில் ஒரு வரி அதுவாக இருந்ததாம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. முதல் மாதம் அவள் பதிலே போடவில்லை. நான்தான் என் மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால் யார் இருக்கிறார்கள் என்று அழுது கெஞ்சி அவளை இழுத்துவிட்டேன். எனக்கு இனி எதுவும் சொல்ல வேண்டாம், என்னால் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்த கசப்புக்கு என்னை மன்னித்துக்கொள் என்று அவளுக்கு ஒரே ஒரு கடைசிச் செய்தி அனுப்பிவிட்டு அவள் எண்ணை அழித்துவிட்டேன். சமைத்தால் அவளுக்கும் ஒரு தட்டு எடுத்து வை. இரண்டு பெண்கள் ஒரு வீட்டில் பேசாமல் இருப்பது மாதிரிக் கொடுமை வேறில்லை, அதற்குக் காரணம் நான் என்பது எனக்கு இன்னும் கொடுமை.

அவள் கடைசியாகச் சொன்னது, நீ ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆலயத்துக்குப் போவதில்லை, எங்கேயோ போய்விட்டு மத்தியானம் இரண்டு மணிக்கு வருகிறாய் என்பது. எட்டு மாதத்தில் என்னை அதிகமாகக் கலக்கியது அந்த ஒரு செய்திதான். அதை வைத்துக்கொண்டு நான் மனசுக்குள் கட்டின கதைகளைச் சொன்னால் நீயே சிரிப்பாய். எங்கே போகிறாய் என்று இந்தக் கடிதத்தில் நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று இல்லை, நேரில் பக்கத்தில் உட்கார்ந்து நீயாகப் பேசும்போது கேட்பேன், நீ சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வேன், சொல்லாவிட்டாலும் என் மகளாகத்தான் இருப்பாய். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஜெபிக்கிற ஜெபம் ரொம்பச் சின்னது. என் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, உமக்குத் தெரியும், அவ்வளவுதான். முதல் இரண்டு வாரமும் இதைச் சொல்லிவிட்டு மத்தியானம் இரண்டு மணி வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரம் கொஞ்சம் குறைந்தது. பழக்கம் வர இன்னும் நாள் ஆகும் போலிருக்கிறது, நீ கொஞ்சம் பொறுத்துக்கொள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. ஐந்து வாரத்துக்கு முன்னால் உன் பேருக்கு இந்த முகவரியில் ஒரு கடிதம் வந்தது. கையெழுத்து எனக்குத் தெரியாத கையெழுத்து, ஆண்பிள்ளைக் கையெழுத்து மாதிரி, சரி அதைப் பற்றி நான் எழுதக்கூடாது. வந்த அன்றே உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன், தடித்த காகிதம், ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆவி எனக்குக் கைவந்த தொழில் இல்லையா, அடுப்பில் கெட்டிலை வைத்துத் தண்ணீர் கொதிக்க விட்டு, உறையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா சமையலறைக்குள் வந்தார். கெட்டிலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், “டீயா போடுற? எனக்கும் ஒண்ணு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் டீ போட்டேன், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். பல் எடுத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது, சூடாக எதுவும் குடிக்கக் கூடாது என்று பல் டாக்டர் சொல்லியிருந்தது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவர் இன்று வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரோடு முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, இப்போதுதான் அவரையும் சரியாகப் பார்க்கிறேன்.

அந்த உறை பிறகு அலமாரியில் துண்டுக்கு அடியில் கிடந்தது. இதோடு சேர்த்து அனுப்புகிறேன். ஓரம் லேசாகச் சுருங்கியிருந்தால் அது கெட்டிலின் வேலை, உள்ளே இருப்பதை நான் பார்க்கவில்லை, என் வார்த்தையை நம்பு. நம்பச் சொல்லிக் கேட்க எனக்கு இப்போது கொஞ்சம் தைரியம்தான். அதை எழுதினவர் பதிலுக்குக் காத்திருந்திருப்பார், என்னால் தாமதமாகிவிட்டது என்று சொல்லிவிடு. அது யார் என்று எனக்குச் சொல்ல வேண்டாம். சொன்னால் கேட்டுக்கொள்வேன். வழக்கமாக நான் எழுதுவதை அப்பா வாசித்துப் பிழை திருத்துவார், இந்தத் தடவை வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, உனக்கும் அவளுக்கும் நடுவில் எனக்கு என்ன வேலை என்று பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். ஆகவே பிழை இருந்தால் அது என்னுடையது.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, வேலையில் ஏதாவது தப்பு நடந்தால் அரை நிமிஷத்துக்கு மேல் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காதே, ஓடிப்போய்ச் சொல்லிவிடு. ஆண்டவர் உன் போக்கையும் வரவையும் பார்த்துக்கொள்வார், அந்த வேலையை இனி அவரிடமே விடுகிறேன். உனக்கு எப்போது பேசத் தோன்றுகிறதோ அப்போது கூப்பிடு, ஒரு மாதம் ஆனாலும் சரி, நான் கூப்பிட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன். ஆனால் தினமும் வேலை முடிந்து வந்ததும் போனை எடுத்து ஒரு தடவை பார்ப்பேன், மூலை எந்தப் பக்கம் மடிந்திருக்கிறது என்று அந்தப் பெண் பார்த்த மாதிரி. அது மட்டும் என்னால் விட முடியவில்லை, பொறுத்துக்கொள். என் செல்லமே, ஆயிரம் முத்தங்கள்.

இப்படிக்கு,

கட்டியவர்: உன் அம்மா

பார்த்தவர்: யாரும் இல்லை

பிரிக்க வேண்டியவள்: நீ மட்டும்